ரெண்டு நிமிசம்

ஒரு பேரூராட்சி மன்றத்தை அதிகத் தடவை எழுந்து நிற்க வைத்தவர் யார் என்று நாடு தழுவிய போட்டி வைத்தால், முதல் பரிசு எங்கள் ஒன்பதாவது வார்டு கவுன்சிலருக்குத்தான். இரண்டாம் பரிசுக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். அவருடைய சொந்தப் பெயர் தேர்தல் சான்றிதழில் மட்டும்தான் இருந்தது. தலைவரம்மா முதல் தெருக்குழாய்க்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் ‘ரெண்டு நிமிசம்’.

திருமங்கலம் தாண்டி உள்ள ஒரு சின்னப் பேரூராட்சி அது. இப்போது எனக்கு மாற்றலாகிவிட்டது. அப்போது நான் திருப்பரங்குன்றத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்த இளநிலை உதவியாளர். மன்றக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து, நடந்ததை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. பேசியதை எல்லாம் எழுதினால் பாதிப் பேர் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்பதால், எழுதக்கூடியதை மட்டும் எழுதுவேன்.

முதல் கூட்டத்தன்று, ஜெயித்து வந்த கவுன்சிலர்கள் எல்லாம் சால்வையும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு நிமிசம் எழுந்தார். போன வருடம் காலமான தன் மனைவி முத்துப்பேச்சிக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றி, மன்றம் இரண்டு நிமிடம் எழுந்து நிற்க வேண்டும் என்று கேட்டார். எங்கே பார்ப்பது என்று ஹாலில் யாருக்கும் தெரியவில்லை. செயல் அலுவலர்தான் விதிப் புத்தகத்தைத் திறக்காமலே பதில் சொன்னார். பொதுமக்களுக்குச் சேவை செய்தவர்களுக்குத்தான் இரங்கல் தீர்மானம். உறுப்பினர்களின் வீட்டு விஷயத்தை எல்லாம் எழுத ஆரம்பித்தால் புத்தகம் தாங்காது என்றார். இவர் “சரிங்க சார்” என்று உட்கார்ந்துவிட்டார். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

அடுத்த கூட்டத்தில், இறந்துபோன ரேஷன் கடை எடையாளருக்கு இரங்கல் கொண்டுவந்தார். ஊருக்கே அரிசி நிறுத்துப் போட்டவர், அதைவிடப் பொதுச் சேவை எது என்று கேட்டார். எல்லோரும் எழுந்து நின்றோம். அதற்கடுத்த மாதம் பரோட்டா மாஸ்டருக்கு நின்றோம். கை காட்டின இடத்தில் எல்லாம் வண்டியை நிறுத்தின மினி பஸ் கண்டக்டருக்கு நின்றோம். அவனியாபுரம் வாடிவாசலில் மூன்று வருடம் யார் பிடியிலும் சிக்காமல் ஊர் மானத்தைக் காப்பாற்றிய காளைக்கு நின்றோம். ஏழாவது வார்டு போர்வெல் மோட்டார் எரிந்துபோனபோது அதற்கும் இரங்கல் என்றார். தலைவரம்மா முறைத்தார். ஆனால் அந்த மோட்டார்த் தண்ணீரில்தான் செயல் அலுவலர் வீட்டுச் சமையலே நடந்தது. அவர்தான் முதல் ஆளாக எழுந்து நின்றார்.

ஏண்ணே இப்படி எல்லாரையும் படுத்துறீங்க என்று ஒருநாள் ரெண்டு நிமிசத்திடமே கேட்டேன்.

“சேவைன்னா இதுதான்னு அவுக ஒரு கோடு போட்டு வச்சிருக்காக தம்பி. அதைக் கொஞ்சங் கொஞ்சமா தள்ளிக்கிட்டே போறேன். என்னைக்காவது என் வீட்டு வாசல் வரைக்கும் வந்துரும்ல?” என்றார்.

மற்ற ஊர்களில் மௌன அஞ்சலி என்றால் இருபது விநாடிதான்; யாராவது ஒருத்தர் இருமுவார், அதைச் சாக்காக வைத்து எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். இவரிடம் அது நடக்காது. கையிலிருந்து வாட்சைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொள்வார். முழுசாக இரண்டு நிமிடம் ஓடிய பிறகு, “ஆச்சு, உக்காருங்க” என்பார். அந்த வார்த்தை வராமல் யாரும் உட்காரக் கூடாது என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டது. தலைவரம்மாவுக்கு முழங்கால் வலி. மேஜையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நிற்பார். வெளியே உளுந்த வடை ஆறிக்கொண்டிருக்கும்.

ஒருமுறை பெரிய தப்பு நடந்தது. டீக்கடைக்காரர் மதுரை ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டதாக யாரோ பஸ்ஸில் சொன்னதைக் கேட்டு, இவர் தீர்மானம் கொண்டுவந்துவிட்டார். நின்றோம், நிறைவேற்றினோம். நாலாம் நாள் அந்த மனிதர் கையில் மாவுக்கட்டோடு அலுவலகத்துக்கு வந்து, தீர்மானத்தை ரத்து செய்யச் சொன்னார். நிறைவேறிய தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில்தான் ரத்து செய்ய முடியும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார் செயல் அலுவலர். டீக்கடைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“நான் போயிட்டேன்னு அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னீகளாமே, நெசமா?”

நிஜம்தான், முழுசாக இரண்டு நிமிடம் என்றேன்.  அவர், அப்படியானால் ரத்தெல்லாம் வேண்டாம், அதில் ஒரு காப்பி மட்டும் கொடுங்கள் என்று வாங்கிப் போனார். லேமினேஷன் போட்டு பாய்லருக்கு மேலே மாட்டியிருக்கிறார். இன்றைக்கும் அதன் கீழே நின்றுதான் டீ ஆற்றுகிறார்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் கூட்டப் பொருள் பட்டியலை உறுப்பினர் வீட்டில் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். மற்ற வீடுகளில் அரை நிமிட வேலை. இவர் வீட்டில் முதலில் கண்ணாடியைக் காணோம் என்பார், பிறகு பேனா எழுதவில்லை என்பார், பிறகு பதினெட்டுப் பொருளையும் சத்தமாகப் படிப்பார். நான் கிளம்பிவிடக் கூடாது, அவ்வளவுதான். டிவி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், சத்தம் மட்டும் இருக்காது. சத்தம் வைத்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று வாசலைப் பார்த்துவிடுகிறாராம்.

அங்கேதான் ஒருநாள் சொன்னார். ஊரடங்கு நேரத்தில் அவர் மனைவிக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு வாரம் கழித்து, கவச உடை போட்ட நாலு பேர் ஆம்புலன்ஸில் நேரே மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். இவரை மயான கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். சொந்தக்காரர்கள் ஒருத்தர் வரவில்லை, வரவும் முடியாது.

“வாட்சுல பாத்தேன் தம்பி. எறக்கி, வச்சு, அவுக திரும்பி வர ரெண்டு நிமிசங்கூட ஆகல. முப்பத்தோரு வருசம் கூட இருந்தவ.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. செயல் அலுவலர் மேல் கோபம் வந்தது. நானும் அன்று வாயைத் திறக்காமல் எழுதிக்கொண்டுதானே இருந்தேன் என்று என் மேலும் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு குழாய்த் தகராறுக்காகப் பழைய கோப்புகளை இறக்கித் தூசி தட்டியபோது, நாலாவது தெருவுக்குப் பொதுக்குழாய் கேட்டு வந்த மனு ஒன்று கிடைத்தது. தெருப் பெண்கள் ஒரு மைல் நடந்து தண்ணீர் சுமப்பதாக நோட்டுத் தாளில் கோணல் மாணலாக எழுதியிருந்தது. ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது, குழாய் அமைக்கப்பட்டது’ என்று ஓரத்தில் யாரோ குறித்திருந்தார்கள். கீழே கையெழுத்து: மு. முத்துப்பேச்சி. முகவரி, ரெண்டு நிமிசம் வீட்டு முகவரிதான்.

மனுவைச் செயல் அலுவலர் மேஜையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். ஓரத்தில் ‘மன்றத்தில் வைக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த மாதம் கூட்டம் தொடங்கியதும், நான் கொடுத்த சீட்டைத் தலைவரம்மா வாசித்தார். மனுக் கொடுத்து நாலாவது தெருவுக்குப் பொதுக்குழாய் வரக் காரணமாயிருந்த திருமதி முத்துப்பேச்சி அவர்களின் மறைவுக்கு இம்மன்றம் இரங்கல் தெரிவிக்கிறது என்று வாசித்துவிட்டு எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். காளைக்கும் மோட்டாருக்கும் எங்களை நிற்க வைத்த மனிதர் மட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். வாட்சைக் கழற்றியிருந்தார், அது மேஜையில் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஆனது. மூன்று ஆனது. ‘ஆச்சு’ என்று சொல்ல ஆளில்லாமல் மன்றமே விழித்துக்கொண்டு நின்றது. நாலாவது நிமிடத்தில் தலைவரம்மா காலை மாற்றி ஊன்றிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“அண்ணே, ஆச்சாண்ணே?”

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

“இன்னுங் கொஞ்ச நேரம் நில்லுங்கம்மா. அன்னிக்கு யாருமே நிக்கல.”

தலைவரம்மா மேஜையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். செயல் அலுவலரும் நின்றார். யாரும் இருமவில்லை. அவர் வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு “ஆச்சு, உக்காருங்க” என்றபோது ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

கூட்டம் முடிந்ததும் அந்த மனுவைக் காட்டச் சொன்னார். கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார். அப்போது அவர் ஊர் ஊராக லாரி ஓட்டிக்கொண்டிருந்தாராம். இப்படி ஒரு மனுக் கொடுத்ததை அந்தம்மா கடைசிவரை சொல்லவே இல்லையாம்.

ஒன்பது என்று எழுதினால் மேலிருந்து அவரைக் கேள்வி கேட்பார்கள் என்று, நடவடிக்கைப் புத்தகத்தில், ‘இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது’ என்றே எழுதினேன். அத்தனை வருட வேலையில் தெரிந்தே நான் எழுதிய பொய் அது ஒன்றுதான். அந்த மனுசனுக்காக என்றால் இன்னொரு தடவையும் எழுதுவேன்.