கபாண்டாவுக்குப் போர்த்திய பச்சைச் சால்வை

மீனா பஜார், பர் துபாய்.

மரியாதைக்குரிய மச்சான் பத்மநாபன் அவர்களுக்கு, பன்னீர்செல்வம் எழுதிக்கொள்வது. நானும் கனகாவும் சுகம். உங்கள் தங்கையின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனித்து இயங்குகிறது. அங்கே உங்கள் சர்க்கரையும் நாகவள்ளி அக்காவின் கோபமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கடையில் நான் போர்த்திய ஒரு சால்வையால் ஆப்பிரிக்காவில் ஒரு மனிதர் கட்சி மாறி, தேர்தலில் ஜெயித்து, துணை மந்திரியும் ஆகிவிட்டார்.

"மாப்ளே, அந்த ஆப்பிரிக்காக்காரர் எப்படி ஜெயிச்சாருன்னு கேட்டு அனுப்புங்க, நம்ம வார்டுல நானும் நிக்கறேன்" என்று வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தீர்கள். கூடவே, தேர்தல் செலவுக்காகத் தாந்தோணிமலையில் உங்களுக்கும் கனகாவுக்கும் பொதுவாக இருக்கிற மனையை விற்க அவள் கையெழுத்தையும் கேட்டிருந்தீர்கள். அவள் அந்தத் தாளை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, "எங்கண்ணனுக்கு நீங்களே எழுதுங்க, நான் எழுதுனா சொந்தம் அத்துப்போயிரும்" என்றாள். அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அவர் பெயர் ஜோனா கபாண்டா. நாட்டின் பெயரை எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் கரூருக்கே தெரியும். பதினாறு வருடம் முன்பு பழைய செல்போன்களை மூட்டையாக வாங்கி ஊருக்கு அனுப்ப வந்தவர், போன் உடையாமல் இருக்க நடுவில் திணிப்பதற்கு என் கடையில் வெட்டுத்துணி வாங்குவார். அப்படித்தான் பழக்கம். போன் விற்றவருக்கு ஒருநாள் ஞானம் வந்தது: இத்தனை போன் விற்கிறோம், அதில் நம் பாஷையில் படிக்க ஒன்றுமில்லையே என்று ஒரு செயலி ஆரம்பித்தார். முதலில் யாரும் சீண்டவில்லை. நான்தான், "எங்க ஊருல செத்தவங்க போட்டோவ போஸ்டர் அடிச்சா நின்னு படிக்காத ஆளே கிடையாது" என்று சொல்லிவைத்தேன். மனிதர் பிடித்துக்கொண்டார். சாவுச் செய்தியிலேயே கம்பெனி பிழைத்தது. எட்டு நாட்டில் கிளை, இங்கே கண்ணாடிச் சுவர் வைத்த ஆபீஸ், நம்மவர்கள் தொழிலாளர் கேம்ப்பில் படுத்துக்கொண்டு படிப்பதற்குத் தமிழ்ச் சேவை ஒன்று. பிறகு, மனிதன் எழுதினால் சம்பளம் கேட்கிறான் என்று பதினொரு உதவி ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, செய்தி எழுத ஏஐ இயந்திரத்தை வைத்தார். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வந்ததும் எல்லோருக்கும் வருகிற வியாதி அவருக்கும் வந்தது. அவர் ஊர் மஞ்சள் கட்சியில் தொகுதி கேட்டார். நேர்காணலுக்குப் பறப்பதற்கு முதல் நாள் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். நல்ல காரியத்துக்குப் போகிறவரை வெறும் தோளோடு அனுப்ப மனம் வருமா? கடையைப் பார்த்துக்கொள்ளும் முகம்மது ரிபாயைக் கூப்பிட்டேன். "மொதலாளி, பட்டுச் சால்வைய எடுக்கவா?" என்றார். "பட்டு விக்கறதுக்கு, ரிபாய் பாய். போத்தறதுக்கு அந்தப் பச்சைய எடுங்க" என்றேன். மூன்று வருடமாக விலை போகாமல் தூங்குகிற சரக்கு அது. போர்த்தினேன், கும்பிட்டேன், ரிபாய் படம் எடுத்து, எங்கள் இருவர் பெயரையும் போட்டு அந்தச் செயலியிலேயே ஏற்றிவிட்டார்.

பச்சை, எதிர்க்கட்சி நிறமாம். எனக்கு எப்படித் தெரியும்? அதுகூடப் போகட்டும். அந்த இயந்திரம் தமிழ்ச் சேவைக்காக நம் ஊர்ப் பத்திரிகைப் படங்களை லட்சக்கணக்கில் தின்று வளர்ந்தது. ஒருவருக்கு இன்னொருவர் சால்வை போர்த்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். ஐந்தே நிமிடத்தில், எட்டு நாட்டிலும் செய்தி: "மாவட்டச் செயலாளர் பன்னீர்செல்வம் முன்னிலையில், ஐந்நூறு ஆதரவாளர்களுடன் பச்சைக் கட்சியில் இணைந்தார் கபாண்டா." கடையில் அப்போது இருந்தது நான், ரிபாய், பாவாடை நாடா கேட்டு வந்த ஒரு மலையாளத்து அம்மா.

மஞ்சள் கட்சித் தலைவர் போன் செய்து, "யாரய்யா அந்தத் தொந்திக்கார மாவட்டச் செயலாளர்?" என்று கத்தினாராம். கபாண்டா மறுப்பு வெளியிட்டார். கட்சி மாறப்போகிறவன்தானே முதலில் மறுப்பான்? மறுத்ததும்தான் எல்லோரும் நம்பினார்கள். "பன்னீர் பாய், டிக்கெட் மாஃபி! கலாஸ்!" என்று, அதாவது சீட்டும் இல்லை, எல்லாம் முடிந்தது என்று, என் கல்லா முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். உட்கார்ந்திருக்கும்போதே பச்சைக் கட்சியிலிருந்து அழைப்பு: தொகுதி தயார், அந்த ஐந்நூறு பேரை அழைத்து வரவும். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "அச்சா பாய், சரின்னு சொல்லுங்க, ஆளு அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். சரக்கு இல்லாமலே ஆர்டர் எடுத்துப் பிழைத்தவன் நான், வேறென்ன சொல்வேன்? போனார். நானூற்று எண்பது ஓட்டில் ஜெயித்தார். இயந்திரம் சொன்னதில் இருபதுதான் குறைச்சல்.

கொடுத்த இலாகா, செய்தி ஒளிபரப்பு. முதல் வேலையாக, பொய்ப் படம் போட்டால் அபராதம் என்று சட்டம் கொண்டுவந்தார். முதலில் மாட்டியது அவருடைய செயலி. கட்டியதும் அவரே, வாங்கியதும் அவரே. போன மாதம் வந்திருந்தார், பின்னால் நாலு காவலர்கள். டீ ஆறியது. நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்து, தாம் இன்னும் அதே கட்சியில்தான் இருக்கிறோமா என்று தம் செயலியிலேயே பார்த்துக்கொள்கிறார். "பன்னீர் பாய், போன் வித்தப்ப என்ன விக்கறேன்னு தெரிஞ்சுது. இப்ப தெரியலை" என்று இந்தியில் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இதுதான் நீங்கள் கேட்ட டெக்னிக், மச்சான். எட்டு நாட்டுச் செயலி வைத்திருந்தவரையே ஒரு பழைய சால்வை தூக்கி எங்கேயோ போட்டது. உங்களிடம் இருப்பது கூட்டுறவுத் துறையில் ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸப் குழு. நூற்று நாற்பது பேரில் பாதிப்பேர் உங்கள் காலை வணக்கப் பூவைப் பார்க்காமல் இருக்கச் சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறார்கள். அவருக்கு நடந்தது விபத்து. அதே விபத்தை நீங்கள் மனையை விற்று வாங்கப் பார்க்கிறீர்கள். கனகா கையெழுத்துப் போட மாட்டாள். அரசியல் நம் குடும்பத்துக்கு ஆகாது. மனதில் வைத்துக்கொள்ளாமல், மாத்திரையை நேரத்துக்குப் போட்டு, நூறு வயது நிம்மதியாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை சொல்லச் சொல்ல எழுதிய,
பன்னீர்செல்வம்

பி.கு.: உறையை ஒட்டும்போது நாகவள்ளி அக்கா போன் செய்தார். உங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்களாமே, அக்கா இன்னும் உங்களிடம் சொல்லவில்லையாமே. "தம்பி, நான் சுயேச்சையா நிக்கறேன்" என்றார். கனகா போனைப் பிடுங்கி, "நில்லுங்கண்ணி!" என்று கத்தினாள், முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. போனிலேயே பேசி முடித்தது: மனை விற்பனை கிடையாது. கடையில் மீதமிருக்கும் அறுநூறு பச்சைச் சால்வையும் கார்கோவில் வரும். நிறம் மாற்றித் தரப்படாது. பாதி முன்பணம், மீதி ஓட்டு எண்ணுவதற்கு முதல் நாள். எண்ணிய பிறகு கடன் இல்லை. நீங்கள் ஆட்டோவில் மைக் பிடிக்க வேண்டும். மைக்கில் உங்கள் பெயரைச் சொல்லக்கூடாது.