உப்பு பார்த்த மூக்கு

வாய்க்கொழுப்பு உள்ளவர்களைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு இருந்தது மூக்குக்கொழுப்பு. பக்கத்து வீட்டில் பால் அடிப்பிடித்தால் இங்கிருந்தே சத்தம் போடுவேன். என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் சிகரெட் குடித்துவிட்டு, கொய்யா இலையை மென்று, வாயைக் கொப்பளித்து, நெற்றி நிறைய திருநீறு பூசிக்கொண்டு வந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். (எனக்கு ஏதோ ஜோசியம் தெரியும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.)

புகுந்த வீட்டில் இந்த மூக்குக்கு ஒரு பதவியே கொடுத்திருந்தார்கள். எங்கள் குலதெய்வம் சேவுகம்பட்டிக்குப் பக்கத்தில். வருஷா வருஷம் கிடா வெட்டு உண்டு. சாமிக்குப் படைக்கிறவரை குழம்பை யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. அப்படியானால் உப்பு? கொதிக்கிற ஆவியை மோந்துதான் சொல்ல வேண்டும். மாமியாருக்கு வயசானதும் அந்த வேலை எனக்கு வந்தது. நான் குனிந்து, கண்ணை மூடி, "ம், இன்னும் ஒரு கை" என்றால் அதுதான் தீர்ப்பு. ஒருநாளும் தப்பியதில்லை. திமிர் வராமல் என்ன செய்யும்?

அந்த வருஷம் கிடா வெட்டுக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் ருசியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. மல்லிகைப்பூவும் காகிதப்பூவும் ஒன்று. காபியும் வெந்நீரும் ஒன்று. "தானா வந்துரும்மா" என்றார் டாக்டர். எப்போது என்று சொல்லவில்லை.

முதலில் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரர்தான். சிகரெட் குடித்துவிட்டு வந்தவர் முன்னால் ஒன்றும் சொல்லாமல் சோற்றுத் தட்டை வைத்ததும் மனுஷன் வெலவெலத்துப் போனார்.

"என்ன சாந்தி, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

விஷயத்தைச் சொன்னேன். "யாருட்டயும் சொல்லிராதீங்க, மானம் போயிரும்" என்று கெஞ்சினேன். சத்தியமே பண்ணினார். (அவருக்கென்ன, மறுநாளிலிருந்து கொல்லைப்புறத்திலேயே பற்றவைக்க ஆரம்பித்துவிட்டார்.)

இதில் வம்பு என்னவென்றால், அந்த வருஷ விருந்துக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து பெண்வீட்டார் வருகிறார்கள். பெண் என் கொழுந்தன் முருகேசனுக்கு. ஒவ்வொரு ஜாதகமாகத் தட்டிப்போய், கல்யாண மண்டபத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலைமைக்கு வந்திருந்தான். இந்தப் பெண்ணை அவனுக்கும் பிடித்திருந்தது, அவளுக்கும் பிடித்திருந்தது. அவளுடைய அப்பா அம்மா மட்டும், "உங்க சனத்த ஒருக்கா பாத்துட்டு முடிவு சொல்றோமுங்க" என்றிருந்தார்கள்.

"அண்ணி, இன்னைக்கு உங்க கையிலதான் இருக்கு" என்று காலையிலேயே வந்து நின்றான். புதுச்சட்டை வேறு.

குழம்பு கொதித்தது. சமையல்காரர் கருப்பையா அண்ணன் கூப்பிட்டார்: "ஆத்தா, வந்து வாசம் பாரு." குனிந்தேன். ஆவி முகத்தில் சுட்டது, அவ்வளவுதான். சுற்றி நிற்கிற அத்தனை பேரும் என் மூக்கையே பார்க்கிறார்கள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? கண்ணை மூடினேன்.

"பத்தாதுண்ணே. ரெண்டு கை போடுங்க."

"அளந்துதானத்தா போட்டேன்."

"எத்தன வருசமா பாக்குறேன்? போடுங்கண்ணே."

போட்டார். மறுபடி குனிந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை என்றால் பத்தவில்லை என்றுதானே அர்த்தம்? "இன்னொரு கை" என்றேன். கருப்பையா அண்ணன் சாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போட்டார்.

படையல் முடிந்து பந்தி போட்டார்கள். பெண்ணின் அப்பா முதல் வாய் வைத்தார். கண் இரண்டும் அகலமாகத் திறந்து மூடின.

"எப்படி இருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அருமைங்க. கொஞ்சம் தண்ணி மட்டும் குடுங்க."

குடித்தார். திரும்பவும் கேட்டார். அப்புறம் சொம்பையே வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பந்தி முழுக்கத் தண்ணீர்ச் சொம்பு கைமாறியது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "ஏலே, கிடாயக் கடல்ல இருந்தா பிடிச்சுட்டு வந்தீக?"

இதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. எதிர்வரிசையில் உட்கார்ந்து பிசைந்து அடித்துக்கொண்டிருந்தேன். சபை களைகட்டட்டும் என்று, "சூப்பரா இருக்குண்ணே, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க!" என்றேன். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

முருகேசன் எழுந்துவிட்டான். "எனக்குக் கல்யாணம் ஆகக் கூடாதுன்னு வேணும்னே பண்ணீங்களா அண்ணி?"

குரல் உடைந்துபோயிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. "ஐயோ, இல்ல முருகேசா! எனக்கு வாசமும் தெரியல, ருசியும் தெரியல. காய்ச்சலோட போயிருச்சு. சொல்லக் கௌரவம் விடல" என்று எச்சில் கையோடு அழுதேன்.

மாமியார் நம்பவில்லை. "இம்புட்டு நாளா இல்லாம இப்பத்தான் போச்சாக்கும்" என்றார். அப்போது பெண்ணின் அம்மா எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். கோயில் வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்தார்.

"கண்ண மூடிக்கிட்டு வாயத் தொறங்க கண்ணு."

திறந்தேன். எதையோ திணித்தார். நிதானமாக மென்றேன்.

"என்னதுங்க இது?"

"கறிவேப்பிலைதான?"

பந்தியே குலுங்கிச் சிரித்தது. பெண்ணின் அப்பாவுக்குப் புரையேறி, மிச்சமிருந்த தண்ணீரும் தீர்ந்தது. சிரிக்காதது முருகேசன் மட்டும்தான். கிளம்பும்போது அவர்கள் சொன்னது: "சொல்லி அனுப்புறோமுங்க." அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரியும்.

அதன்பிறகு முருகேசன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். குடிக்கத் தண்ணி வேண்டுமென்றால்கூட அவன் அண்ணனிடம்தான் கேட்பான். எனக்கு மூக்கு போனதைவிட அதுதான் வலித்தது.

ஒருநாள் வத்தலக்குண்டில் ஒரு விசேஷத்துக்கு நானும் முருகேசனும் போய்விட்டு, பஸ்ஸில் ஆளுக்கொரு திசை பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். திண்டுக்கல் நெருங்கும்போது, தோல் பதனிடுகிற தோல் ஷாப் வந்தது. பஸ்ஸே மூக்கைப் பொத்தியது. எனக்கு மூக்குக்குள் முதலில் லேசாக உறுத்தியது. பிறகு குப்பென்று ஏறியது, ஊறிய தோலும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்த நாற்றம்! ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஆழ இழுத்தேன்.

"நாறுது! முருகேசா, எனக்கு நாறுது! எம்புட்டு நாத்தம்!"

கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "ஏக்கா, இதுக்கா இம்புட்டு சந்தோசம்?" என்று கண்டக்டர் கேட்டார். முருகேசனுக்கு அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டான். "தலைய உள்ள இழுங்க அண்ணி, லாரி வருது" என்றான். எத்தனையோ நாளைக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

அந்த வாரமே ஒட்டன்சத்திரத்திலிருந்து போன் வந்தது. வேப்பிலைக் கதையைக் கேட்டுப் பெண் வயிறு வலிக்கச் சிரித்தாளாம். "இப்படி ஒரு அக்கா இருக்கற வீட்டுக்கே போறேன்" என்று பிடிவாதமாக நின்றாளாம்.

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால்தான் சம்பந்தம் உறுதி. எங்கள் வீட்டுத் தட்டை எடுத்துக் கொடுக்கிற மரியாதையை மூத்த மருமகள் என்று எனக்கே கொடுத்தார்கள். பயபக்தியோடு நீட்டினேன். பெண்ணின் அப்பா சர்க்கரையை எடுத்துக்கொண்டார். உப்பைப் பார்த்ததும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"உங்க வீட்டு உப்பு அன்னைக்கே வந்து சேந்துருச்சுங்க. இன்னும் தாகம் தீரலீங்க."

ஒட்டன்சத்திரத்தில் இன்று வரைக்கும் எனக்குச் சாந்தி என்று ஒரு பெயர் இருப்பது யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற முருகேசன் மகளுக்குக்கூட நான் உப்புப் பெரியம்மாதான்.