அங்கீகரிக்கப்பட்ட காந்தம்

குன்னத்துகால் பக்கம் ஒரு சபையில், எலெக்ட்ரிக் கிட்டார் இல்லாதது தொண்ணூற்று நாலாம் வருஷம் வரை யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. பக்கத்துச் சபை ஒன்று வாங்கியது. அன்று முதல் இங்கே ஆராதனை உப்புச்சப்பில்லாமல் போயிற்று.

"வீட்டுல பலாப்பலகை உண்டு. நானே செய்யுதேன்" என்றான் தச்சுவேலை பார்க்கும் ராபின்சன். சொந்தக் கையால் ஒரு கிட்டார் செய்து வாசிக்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை.

ஆலயத்துக்குள் ஒலிக்கப்போகும் பொருள் என்பதால், 'கருவிகள் மற்றும் மின் உதிரிபாகங்கள் தேர்வு உபகுழு' உடனடியாக அமைக்கப்பட்டது. தலைவர் வேதமாணிக்கம், அரசாங்கத்துக்குப் பாலம் கட்டி ஓய்வு பெற்றவர்.

"சால்டரிங் அயர்ன் எத்தனை வாட்?"

"இருபத்தஞ்சு, சாறே."

"எலே, இத்தனை குடும்பமுள்ள சபைக்கு இருபத்தஞ்சா? நாணக்கேடாக்கும். நூறு வாங்கு."

கிட்டார்க் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் சுருளைச் சுற்ற, தலைமுடி கனத்தில் செம்புக்கம்பி கொண்டுவந்திருந்தான். தலைவர் இழுத்துப் பார்த்தார், அறுந்தது. வீட்டு வயரிங் கம்பி என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

கடைசியில் காந்தம்.

"இது எங்க எடுத்தது?"

"பாறசாலையில இடிச்ச சினிமாக் கொட்டகை ஸ்பீக்கர்ல, சாறே."

உபகுழு பதறிப்போனது. "காலமெல்லாம் சினிமாப்பாட்டு கேட்ட காந்தம், ஆலயத்துல என்னத்தைப் பாடும்?"

"காந்தம் பாடாது, சாறே. கம்பி அதிருறதைத்தான்..."

"எனக்குப் படிப்பிக்காதே, மக்கா."

நற்செய்தி கன்வென்ஷன் பந்தலில் ஊழியம் செய்து செத்துப்போன ஸ்பீக்கரின் காந்தம் அங்கீகரிக்கப்பட்டது.

அங்கீகரித்ததை எல்லாம் வைத்துச் செய்தால் கிட்டார் வாயே திறக்காது. ராபின்சன் அவற்றை மரியாதையாகக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, தள்ளுபடியானதை வைத்துச் செய்தான்.

அறுப்புப் பண்டிகையன்று போதகர் கிட்டாரைப் பீடத்தில் வைத்து ஜெபித்தார். ஆலயத்து ஒலிபெருக்கியில் மாட்டி அவன் வாசித்தான். என்ன நாதம்! அவனுக்கே கண் நிறைந்துவிட்டது. வேதமாணிக்கம் எழுந்து சபையாரைக் கும்பிட்டார்.

அன்று பீடத்தில் ஜெபித்த பொருள் எதுவானாலும் ஏலத்துக்கு உரியது. அது சபை வழக்கம். வாழைக்குலை போயிற்று, சேவல் போயிற்று. அடுத்துக் கிட்டாரைத் தூக்கினார்கள்.

"அய்யோ, அது எனக்க கிட்டாராக்கும்!"

"வழக்கத்தை மாத்த ஒக்குமா?" என்றார் வேதமாணிக்கம்.

ராபின்சனுக்கு ஒரே வழிதான் தோன்றியது. "அதுல உள்ளது கொட்டகைக் காந்தமாக்கும், சாறே! ஆலயத்துக்கு ஆகாது. திருப்பித் தாருங்க!"

சபை மொத்தமும் எட்டிக் கிட்டாரைப் பார்த்தது. பிறகு பின்வரிசையில் ஒருவர் ஏலத்தை இரட்டிப்பாக்கினார். கீதக்குழு பிரேமகுமாரி டீச்சர் அதற்கும் மேலே போனார். கடைசியில் எல்லோரையும் மிஞ்சி எடுத்தவர் வேதமாணிக்கம். அந்தக் காந்தத்தைக் காவலில் வைக்கவே எடுத்ததாக அறிவித்தார்.

மறுநாள் காலையில் ராபின்சனுக்கு ஆள் வந்தது. மனமிரங்கித் திருப்பித் தரப்போகிறார் என்று ஓடினான். முன்னறையில் உபகுழு, பிரேமகுமாரி டீச்சர், நேற்று ஏலம் கேட்ட அத்தனை பேரும் கிட்டாரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வேதமாணிக்கம் கதவைச் சாத்தினார்.

"மக்கா," என்றார் தணிந்த குரலில், "அந்தப் பழைய பாட்டெல்லாம் கேக்கதுக்கு இதுல எதைத் திருப்பணும்?"