தாதரில் இறங்க மறந்த கதை

ஊர்ப்பெருமை பேசுகிறவனை நம்பி ரயில் ஏறாதீர்கள். அப்படி மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனவன் சொல்கிறேன்.

யுத்தம் முடிந்த சமயம். எனக்கு இருபத்திரண்டு வயது, பம்பாய் கோட்டைப் பகுதியில் குமாஸ்தா வேலை, அந்த ஊரையே நான்தான் கட்டினேன் என்ற நினைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களை விக்டோரியா டெர்மினஸிலிருந்து மாட்டுங்காவுக்கு அழைத்து வர அப்பா என்னை அனுப்பினார் (வேறு ஆள் கிடைக்கவில்லை).

"நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள ஆத்துக்கு வந்துடணும். ஏற்கெனவே ரெண்டு வரன் தட்டிப்போயாச்சு. கெடுத்துடாதேடா!"

பிள்ளை, அவருடைய அம்மா, லண்டன் போய் வந்த மாமா என்று மூன்று பேர். ரயிலைப் பார்த்ததுமே மாமா ஆரம்பித்துவிட்டார்.

"லண்டன்ல ஸ்டேஷனே பூமிக்கடியில இருக்கு, தெரியுமோ? இதென்ன, கட்டை வண்டியாட்டம்!"

எனக்குச் சுருக்கென்றது. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டியை விட்டுவிட்டு, ஃபாஸ்ட் வண்டியில் ஏற்றினேன். அது மாட்டுங்காவில் நிற்காது. தாதரில் இறங்கி மாற வேண்டும். தினமும் செய்கிற காரியம்தான்.

தாதர் வந்தபோது நான் மாமாவிடம் பம்பாய் மின்சார ரயிலின் வேகத்தை வர்ணித்துக்கொண்டிருந்தேன். வர்ணித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. மாட்டுங்கா பிளாட்பாரத்தில் அப்பா எலுமிச்சம்பழமும் கையுமாக நின்றார். எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். நாங்களும் கும்பிட்டபடியே போய்விட்டோம்.

குர்லாவில் இறங்கினோம். பதற்றத்தில் எதிரே வந்த முதல் வண்டியில் ஏற்றினேன். கஷ்டகாலம், அதுவும் ஃபாஸ்ட்! இந்தத் தடவை அப்பா கும்பிடவில்லை, கையை ஓங்கினார்.

தாதரில் வண்டி மாறி, ஒருவழியாக மாட்டுங்காவில் இறங்கியபோது மணி நாலு முப்பத்தைந்து. பிள்ளையின் அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ராகுகாலத்துல பொண்ணாத்துல காலெடுத்து வைக்க மாட்டேன். ஆறு மணி வரைக்கும் இங்கேதான்."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் தண்டவாளத்தில் குதித்திருக்கலாம் (அதற்கும் சரியான வண்டி வர வேண்டுமே). விஷயத்தைச் சொல்ல அவர் வீட்டுக்கு ஓடினார். சற்று நேரத்தில் பட்டுப்புடவையும் காப்பிக் கூஜாவுமாக அக்காவே வந்து நின்றாள். பின்னால் மூச்சிரைக்க அப்பா.

"நன்னா இருக்குடா! ரெண்டு மணியிலேர்ந்து இந்தப் புடவையில வெந்துண்டிருக்கேன். காப்பி குடிக்க ராகுகாலம் கிடையாது, எல்லாரும் எடுத்துக்கோங்கோ!"

போச்சு, மூன்றாவது வரனும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து முறைப்படி பெண் பார்த்தது வெறும் ஒப்புக்குத்தான்.

அதோடு விட்டார்களா? மூன்று வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். பெண் வீடு தாதரில். ரயிலில் என்னைத் தனியாக விட யாருக்கும் தைரியம் இல்லை. அத்திம்பேர் (அக்காவைக் கட்டிக்கொண்ட அதே பிள்ளைதான்) என் மணிக்கட்டைப் பிடித்தவர், மணப்பந்தல் வரைக்கும் விடவில்லை. போட்டோக்காரர் அதை அப்படியே படம் எடுத்துத் தொலைத்தார். அந்தப் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி காட்டிச் சொல்கிறாள்:

"பாருங்கோ, இவரோட கையை முதல்ல பிடிச்சது நான் இல்லை."