உரிமையாளர் உடனே முன்வரவும்

"செல்லப்பிராணிகளை முன் அனுமதியின்றி வளாகத்துக்குள் கொண்டுவருதல் கூடாது. அனுமதி வேண்டுவோர் பதிவாளருக்கு மனுச் செய்ய வேண்டும்." எங்கள் பல்கலைக்கழகத்தின் வளாக ஒழுங்கு விதிகளில் இப்படி ஒன்று உண்டு. இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், இதை எழுதியவனே நான்தான்.

பேராசிரியர் ஒருவருடைய அல்சேஷன், ஆட்சிக்குழு உறுப்பினரின் வேட்டி நுனியைக் கவ்விக்கொண்டு நிர்வாகக் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தது. (உறுப்பினரும் கூடவே சுற்றினார். வேறு வழியில்லை.) அன்று மாலையே ஒரு விதி தேவைப்பட்டது. நிர்வாகப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்த நான் எழுதிக் கொடுத்தேன். செல்லப்பிராணி என்றால் உரிமையாளர் உள்ள பிராணி என்று விளக்கக் குறிப்பும் சேர்த்தேன். வளாகத்திலேயே பிறந்து, விடுதிச் சோற்றில் வளர்ந்து, வகுப்பறை வாசலில் தூங்கும் நாய்ப் பட்டாளத்துக்கு இதனால் எந்தத் தடையும் இல்லை. அவற்றுக்குத்தான் உரிமையாளர் கிடையாதே.

நான் ஓய்வு பெற்ற பிறகு, என் மகள் கயல்விழி அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்தாள். ஆய்வேட்டை அவள் எழுதியது கே.கே. நகரில் எங்கள் வீட்டு மாடியறையில். அத்தனை வருடமும் அவள் மேசைக்கடியில் படுத்துக் கிடந்தது பன்னு. செம்பட்டை நிற நாட்டு நாய். தேநீர்க் கடை பன்னைத் தவிர எதையும் மதிக்காததால் வந்த பெயர். ஆய்வேடு முடிந்தபோது அதற்கு வயதாகிவிட்டது. மாடிப்படி ஏற இரண்டு முறை யோசிக்கும். கயலுக்கு ஜெர்மனியில் வேலை உறுதியாகியிருந்தது. திரும்பி வரும்போது பன்னு இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

"பட்டமளிப்பு அங்கியப் போட்டுக்கிட்டு பன்னுகூட ஒரு போட்டோப்பா. அம்புட்டுதான் கேக்குறேன்" என்றாள்.

அங்கியை வளாகத்தில் வாங்கி, வளாகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வெளியே கொண்டுபோகக் கூடாது. (இதுவும் விதி. இது நான் எழுதியதல்ல, ஆனால் நல்ல விதி.) ஆகவே அங்கி நாயிடம் வர முடியாது, நாய்தான் அங்கியிடம் போக வேண்டும்.

பிரதான வாயில் காவலர் காசிராசன் எனக்குப் பழக்கம். வாடிப்பட்டிக்காரர். யோசனை கேட்டேன்.

"சார், மனு கினுன்னு கெளம்பிராதீக. கழுத்துப் பட்டையக் கழட்டி விட்டுட்டு வாங்க. உள்ள கெடக்குற நாயில இது ஒண்ணுன்னு நெனச்சுக்கிருவாக. இம்புட்டு நாய்க்கு நடுவுல எவன் கேக்கப் போறான்?"

உரிமையாளர் உள்ள நாயை உரிமையாளர் அற்ற நாயாகக் காட்டுவது பொய்த் தகவல் அளித்தல் ஆகும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. மரியாதை என்று அப்போது எடுத்துக்கொண்டேன்.

மனுப் போட்டேன். பொருள், பார்வை, தடுப்பூசிச் சான்றின் நகல், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். என் பணிக்காலத்தில்கூட அப்படி ஒரு மனுவை நான் எழுதியதில்லை. பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை. பிரிவுக்கே நேரில் போனபோது, நான் வேலை கற்றுக்கொடுத்த பையன், இப்போது கண்காணிப்பாளர், "கோப்பு சுற்றுல இருக்கு சார்" என்றான். அந்தப் பதிலையும் நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

பட்டமளிப்பு நாள் வந்தது. பெற்றோரில் ஒருவருக்குத்தான் அழைப்பிதழ் என்பதால் என் மனைவி வீட்டிலேயே இருந்துவிட்டாள். வாயிலில் கார் நின்றதும் பன்னு சன்னல் வழியே தலையை நீட்டியது. காசிராசன் என்னைப் பார்த்தார். நான் கழுத்துப் பட்டையைப் பார்த்தேன். அதில் என் மனைவி கோத்துவிட்ட பித்தளை மணி ஒன்று இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விதியை மீறினேன்: பட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். விழா முடியும்வரை பன்னு அரங்கத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில் வளாக நாய்களோடு நாயாக இருக்கும், பிறகு போட்டோ. இதுதான் திட்டம்.

வளாக நாய்களை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. வெளிநாய்க்கு அனுமதியில்லை என்ற விதியை அத்தனை வருடமும் ஒழுங்காக அமல்படுத்தி வந்தவை அவைதாம் என்பது அன்றுதான் தெரிந்தது. பட்டங்கள் வழங்கிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரே குரைப்பு. அடுத்த கணம் பக்கவாட்டுக் கதவு வழியாகப் பன்னு உள்ளே ஓடிவந்தது. பின்னால் மூன்று அமலாக்க அதிகாரிகள்.

காவலர்கள் அந்த மூன்றையும் விரட்டினார்கள். பன்னு பெற்றோர் வரிசைக்குள் புகுந்து, நாற்காலி நாற்காலியாக மோந்து, நேராக என்னிடம் வந்தது. முன்னங்கால்களை என் மடியில் வைத்தது. உடம்பெல்லாம் நடுக்கம்.

மேடையில் ஒலிவாங்கி பிடித்திருந்த பேராசிரியர், "இந்த நாயின் உரிமையாளர் உடனே முன்வரவும்" என்றார்.

முன்வரிசையில் ஆட்சிக்குழு. அதற்குப் பின்னால் நான் முப்பது வருடம் விதி சொல்லிக் கொடுத்த அலுவலகம். எல்லாத் தலைகளும் திரும்பின. நான் கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்தேன்.

பக்கத்து நாற்காலியில் டி. கல்லுப்பட்டியிலிருந்து மகனின் பட்டத்தைப் பார்க்க வந்திருந்த ஒரு பெரியவர், "ஒங்களத் தெரிஞ்ச மாதிரில்ல பாக்குது" என்றார்.

"நாய்களுக்கு என்னைக் கண்டால் அப்படித்தான்" என்றேன்.

ஒலிபெருக்கி இரண்டாம் முறை கேட்டது. மூன்றாம் முறையும் கேட்டது. நான் பன்னுவின் கால்களை மெதுவாக மடியிலிருந்து இறக்கிவிட்டேன். காவலர்களில் ஒருவர் கயிறும் கம்புமாக வந்தார். கம்பை ஓங்கியதும் பன்னு என் நாற்காலிக்கடியில் சுருண்டுகொண்டது, மேசைக்கடியில் படுப்பது போலவே.

மேடைப் படிக்கட்டில், தனக்கு முன்னால் மூன்றே பேர் இருந்த நிலையில், கயல் வரிசையை விட்டு இறங்கி வந்தாள்.

"அடிக்காதீங்க. அது எங்க நாய்."

பன்னுவைத் தூக்கி அங்கியோடு அணைத்துக்கொண்டாள். போகும்போது என்னை ஒருமுறை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் கதவைத் தாண்டும்போது மேடையில் அவள் பெயரைப் படித்தார்கள். யாரும் ஏறவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

நீங்கள் கேட்கப் போவது தெரியும். நான் பின்னாலேயே எழுந்து ஓடினேனா? இல்லை. நாட்டுப்பண் முடியும்வரை பார்வையாளர்கள் இருக்கையை விட்டு நகரக்கூடாது என்று அழைப்பிதழின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தது. உட்கார்ந்திருந்தேன். நாட்டுப்பண்ணுக்கு எல்லோரும் எழுந்தபோது, அத்தனை அமைதியில், என் சட்டைப் பையில் மணி கிணுங்கியது. கல்லுப்பட்டிப் பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

வெளியே வருவதற்குள் போட்டோ எடுத்து முடித்திருந்தார்கள். காசிராசன் எடுத்தது. வாயிலுக்கு வெளியே, அங்கியுடன் (விதிமீறல்), நாயுடன் கயல். அது எங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. அதில் நான் இல்லை. பட்டச் சான்றிதழ் பிறகு தபாலில் வந்தது.

கயல் இப்போது ஜெர்மனியிலிருந்து வீடியோவில் கூப்பிடும்போது, என் முகம் திரையில் தெரிந்ததும் முதலில் கேட்பது இதுதான்: "இந்த அப்பாவின் உரிமையாளர் உடனே முன்வரவும்." என் மனைவி (அரங்கில் நடந்ததை ஒரு வரி விடாமல் என்னிடமே கேட்டு வாங்கியவள்) கூரையைப் பார்ப்பாள். மூன்றாம் முறை கேட்ட பிறகுதான், "ஏதோ தெரிஞ்ச ஆளு மாதிரித்தான் இருக்கு" என்பாள். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன், அதற்கு விதிவிலக்குக் கேட்கும் தகுதி எனக்கில்லை.

பன்னு அந்த ஆடியில் போய்விட்டது. கொல்லையில் மருதாணிச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தோம். கடைசி வாரம்வரை என் நாற்காலிக்கடியில்தான் படுத்தது. நாய்களிடம் கோப்பு பராமரிக்கும் பழக்கம் இல்லை.

அதற்கும் பல மாதம் கழித்துப் பல்கலைக்கழக உறை ஒன்று வந்தது. "பார்வையில் காணும் தங்கள் மனு தொடர்பாக, அதில் குறிப்பிட்டுள்ள நாய் தங்களுக்குச் சொந்தமானதுதானா என்பதை எழுத்து மூலம் உறுதிசெய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

உடனே உட்கார்ந்து எழுதினேன். பொருள் இல்லை, பார்வை இல்லை. "ஆம். அது என் நாய்." கையெழுத்துப் போட்டுவிட்டு, தேதிக்காக நாள்காட்டியைப் பார்த்தேன். வாசலில் என் மனைவி விளக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மருதாணிச் செடிப் பக்கம் போனாள். அன்று திருக்கார்த்திகை.