வருஷக் கடைசிக்குள் ஒரு கவலை

"சொல்லுங்க சார், என்ன பிரச்சினை?" என்று ஆலோசகர் அம்மாள் கனிவாகக் கேட்டபோதுதான், பிரச்சினை எதையும் கையோடு கொண்டு வரவில்லை என்பது ஸ்டோர் கீப்பருக்கு உறைத்தது.

அடையாள அட்டை இருந்தது. கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் கார்டு இருந்தது. இரண்டுக்கும் ஜெராக்ஸ்கூட இருந்தது.

பெயிண்ட் கிடங்கில் நெடுங்கால வேலை. காலாவதி ஆவதற்குள் சரக்கைத் தள்ளிவிட வேண்டும் என்பது அவர் ரத்தத்தில் ஊறிப்போனது. மருத்துவக் காப்பீட்டையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார். பல்லைச் சுத்தம் செய்தாயிற்று. பார்வையில் குறையே இல்லை என்று டாக்டர் சொல்லியும் விடாமல் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டாயிற்று. மிச்சம் மனநல ஆலோசனை ஒன்றுதான். வருஷம் முடிந்தால் அதுவும் வீண்.

"என் சம்சாரம் என்கிட்ட பேசறதில்லைங்க," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"எவ்வளவு நாளா?"

"அது இருக்குங்க, ரெண்டு வருஷம்."

அந்த அம்மாள் டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் மெல்ல நகர்த்தினார். ஸ்டோர் கீப்பர் மரியாதைக்கு ஒன்றை உருவி மூக்கைத் துடைத்துக்கொண்டார். இன்னும் இரண்டை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"தினம் சாயங்காலம், இன்னிக்கு நாள் எப்படிப் போச்சுன்னு அவங்களைக் கேளுங்க. அடுத்த வாரம் வந்து சொல்லுங்க."

அவர் கேட்கவில்லை. நன்றாக ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்திப் பார்க்க வேண்டும்?

அடுத்த வாரம், "கேட்டீங்களா சார்?"

"கேட்டேங்க."

"என்ன சொன்னாங்க?"

அதற்குப் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. "நேத்து டம்ளரைத் தூக்கி எறிஞ்சுட்டா."

"ஐயையோ, உங்க மேலயா?"

"பயப்படாதீங்க, குறி தப்பிடுச்சு," என்று அவரைச் சமாதானப்படுத்தினார்.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "இது லேசுப்பட்ட விஷயம் இல்லை சார். அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

"அவ ஊர்ல இல்லைங்களே."

"நேத்துதானே டம்ளர் எறிஞ்சாங்க?"

"எறிஞ்சுட்டுத்தாங்க கிளம்பினா."

"அப்போ நம்பர் குடுங்க, நானே பேசறேன்."

"வேணாங்க, வேணாங்க! எப்படியாவது கூட்டிட்டு வந்துடறேன்."

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. இத்தனை வருஷத்தில் ஒரு குறை என்று வாய் திறக்காதவள். அவள் கையில் டம்ளரைக் கொடுத்து எறியவும் வைத்தாயிற்று.

அவள் கோபப்படவில்லை. "இப்ப நான் என்ன பண்ணணும்?"

"வந்து என்னை நாலு திட்டுத் திட்டணும். அந்தம்மா நம்பற மாதிரி இருக்கணும். உனக்கு வருமா?"

"பாக்கறேன்," என்றாள், மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தபடி.

ஆலோசனை அறையில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மனசுல இருக்கறதைத் தாராளமா சொல்லுங்கம்மா."

"எனக்குக் காய்ச்சல்னு ஒரு தடவை ஆஸ்பத்திரியில சேர்த்தார். மறுநாள் விடிஞ்சதுமே வீட்டுக்குப் போலாம்னுட்டாங்க. கிளம்பலாங்கன்னேன். 'இருபத்திநாலு மணி நேரம் ஆனாத்தான் கிளெய்ம் கிடைக்கும், பேசாம படு'ன்னார். படுத்தேன். எதிர்க் கட்டில்ல ஒரு அம்மா, 'உங்க வீட்டுக்காரருக்கு உங்க மேல என்ன பிரியம்! முழுசா குணமாகாம கூட்டிட்டுப் போக மனசு வரலை பாருங்க'ன்னாங்க. நானும் ஆமான்னு தலையாட்டினேன்."

ஸ்டோர் கீப்பருக்குக் காது மடல் சுட்டது. இது அவர் சொல்லிக்கொடுத்த வசனம் இல்லை. டம்ளர் பக்கமே அவள் போகவில்லை. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலை மட்டும் நிதானமாகச் சொல்லி முடித்துவிட்டு, டிஷ்யூ பெட்டியை எட்டி எடுத்தாள். ஆலோசகர் அம்மாள் இவரைப் பார்த்த பார்வையில், தரை ஓடுகளை எண்ணுவதைத் தவிர இவருக்கு வேறு வழி தெரியவில்லை.

வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பிரமாதம் போ! நானே நம்பிட்டேன்," என்றார். அவள் சிரித்துவிட்டால் போதும் என்றிருந்தது. "அந்த ஆஸ்பத்திரி விஷயம் மட்டும் கொஞ்சம் தூக்கலோ?"

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

வரவேற்பு மேஜையிலிருந்த பெண் அவளைப் பார்த்ததும் முகம் மலர எழுந்தாள்.

"நல்லவேளை மேடம், உங்களுக்குத்தான் போன் பண்ண இருந்தேன். மூணாம் ரூம் கவுன்சலிங் டாக்டர் இந்த வியாழக்கிழமை லீவு. நீங்க எப்பவும் வர்ற நேரத்துக்கே வெள்ளிக்கிழமை வந்துடறீங்களா?"