பானெட்டைத் திறந்து பார்த்தவர்

“டிரான்ஸ்போர்ட் ஆபீசர் போஸ்ட் எனக்கு வேணும் சார்.”

ஆபீஸ் மேனேஜர் ஜம்புநாதன் காபி டபராவைக் கீழே வைத்தார். பேகம்பேட்டில் அந்த சர்க்கார் கம்பெனியில் அவள் சேர்ந்த அன்றே ஜெயசுந்தரியிடம் சொல்லியிருந்தார்: நோட் எழுது, டைப் அடி, லீவுகூடக் கேள்; அந்த போஸ்டை மட்டும் கேட்காதே. அவள் வீட்டில் முதல் பட்டதாரி, அதுவும் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அதற்கு அவர் என்ன செய்வார்?

“மொதல்ல இதை முடிம்மா. வெள்ளிக்கிழமை சேர்மன் டெல்லியிலேர்ந்து வர்றார். ஆபீஸுக்காக வாங்கின இந்த நவாப் பங்களாவோட சேர்ந்து வந்த ரெண்டு கார் ஷெட்டுல நிக்கறது. ஜாகுவார், மெர்சிடிஸ். ரெண்டும் ஐம்பத்தஞ்சு மாடல், பதினெட்டு வயசு. ஒசத்தியானது ஏர்போர்ட்டுக்கு, மத்தது ஏலத்துக்கு. ஒப்பிட்டு நோட் போடணும்.”

“இன்ஜினைப் பத்தி ஒண்ணு சொல்லணும் சார்...”

“நான் சொல்றேன், நீ எழுது.”

எழுதினாள். ‘மெர்சிடிஸ்: ஆறு சிலிண்டர் ஜெர்மன் இன்ஜின். ஓடுவதே தெரியாத அமைதி. பானெட்டைத் திறந்து நேரில் பார்த்தேன்.’ ஷெட் பக்கத்து ஜன்னலைக்கூடத் திறக்காமல் ஜம்புநாதன் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் போன். சேர்மன் லண்டனில் படித்தவராம். ஜாகுவார் என்றால் உயிராம்.

“அந்தத் தாளைக் கிழிச்சுடு.”

“நம்பர் போட்ட தாளை ஃபைல்லேர்ந்து கிழிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சர்க்குலர் விட்டீங்க?”

விட்டவர் அவரேதான். “அப்போ அடுத்த பக்கத்துல எழுது.”

“சார், அந்த இன்ஜின்...”

“எழுதும்மா!”

‘மறுபடி திறந்து பார்த்ததில், ஜாகுவாரின் இங்கிலீஷ் இன்ஜினுக்கு முன்னால் மெர்சிடிஸ் வெறும் தையல் மிஷின்.’ கையெழுத்து.

சாயங்காலம் எம்.டி. அறையிலிருந்து ஃபைல் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில்: ‘காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் இன்ஜினுக்கு என்ன ஆயிற்று? நேரில் விளக்கவும்.’

ஜம்புநாதன் ஃபைலை ஜெயசுந்தரி பக்கம் தள்ளினார்.

“இப்பவாவது சொல்லட்டுமா சார்?”

“நீ சொல்றது யாருக்கு வேணும்? எழுது! ‘மூன்றாம் முறையும் என் கண்ணாலேயே பார்த்தேன். இரண்டு இன்ஜினுக்கும் துளி வித்தியாசம் இல்லை.’ ரெண்டு வண்டியையுமே அனுப்பிடலாம்.”

மூன்றாவது கையெழுத்தின் மை காயும்வரை ஊதினாள் ஜெயசுந்தரி. ஃபைலை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

“எங்கே கெளம்பிட்டே?”

“எம்.டி. ரூமுக்கு. நேர்ல விளக்கச் சொல்லியிருக்காரே. அப்படியே போஸ்டையும் கேட்டுட்டு வர்றேன்.”

“கேட்டா தூக்கிக் கொடுத்துடுவாரா?”

அவள் செருப்புச் சத்தம் நேராக எம்.டி. அறைப் பக்கம் போனது.

வாசலில் சாவிக்கொத்தோடு நின்ற டிரைவர் கொர்னேலியஸ் தலையைச் சொறிந்தார்.

“மேடம் சொல்லலியா சார்? பார்ட்ஸ் கெடைக்காம ரெண்டு வண்டிக்கும் அம்பாசடர் இன்ஜினப் போட்டு அஞ்சு வருசமாச்சே. திங்கக்கெழமையே அவங்க பானெட்டத் தொறந்து பாத்துட்டுப் போனாங்க!”